தூர்வாரும் முன் வரத்துக்காலைப் பாருங்கள்

கேள்வி: வறட்சியையும் திடீர்ப் பெருமழையையும் சமாளிக்க எங்கள் ஊர்க் குழு குளத்தைத் தூர்வாரப் போகிறது. வட்டார நிர்வாகத்திடம் பொக்லைனும் பணமும் கேட்டால் போதுமா?

பதில்: போதாது. பொக்லைன் வாடகைக்குக் கிடைக்கும். ஊரால் தனியாக முடியாதது, குளத்துக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்தான். அது பக்கத்து ஊர்களின் எல்லையைக் கடந்து வருகிறது. அதை அளக்க, ஆக்கிரமிப்பை எடுக்க, மேல்குளத்துக்காரர்களையும் கீழ்குளத்துக்காரர்களையும் ஒன்றாக உட்காரவைக்க வட்டார அதிகாரம் வேண்டும். ஆகவே முதலில் நில அளவையாளரையும் பொறியாளரையும் கேளுங்கள். வரத்து அடைபட்ட குளத்தை எவ்வளவு தோண்டினாலும் அது நிறையாது.

அடுத்தது மண் கணக்கு. ஒரு ஏக்கரில் அரை மீட்டர் எடுத்தால் சுமார் 2,000 கன மீட்டர். வெட்டிய மண் 20 முதல் 30 சதவீதம் வரை உப்பும். 5 கன மீட்டர் ஏற்றும் டிப்பருக்கு 400 நடை என்று எழுதிவிட்டு 500 நடை ஓட்ட வேண்டிவரும். மண் எங்கே போகிறது என்பதையும் விண்ணப்பத்திலேயே சொல்லுங்கள். கரையோரம் குவித்தால் அடுத்த மழையில் குளத்துக்கே திரும்பிவிடும். வயலுக்குப் போகிறதென்றால் முதலில் உப்புத்தன்மையைச் சோதியுங்கள்; கழிவுநீர் கலந்த குளமானால் கன உலோகங்களையும்.

தோண்டும் முன் நான்கைந்து இடங்களில் சோதனைக் குழி போட்டு, அடிக் களிமண் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பொக்லைன் ஓட்டுநர் உற்சாகத்தில் அதைக் கிழித்துவிட்டால் தேங்கும் நீர் சில வாரங்களில் இறங்கிவிடும். கரையின் அடிவாரத்தை ஒட்டி வெட்டவே கூடாது, கரை சரியும். உட்சரிவு ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் அகலமாவது இருக்கட்டும். கால்நடையும் இறங்கி ஏற முடியும்.

கூடுதல் நீர் தேக்கும் ஆசையில், நிறைந்த குளத்தின் மிகுநீர் வெளியேறும் கலங்கின் மேல் மணல் மூட்டை அடுக்குவது மிக ஆபத்தானது. வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். பெருமழையும் அதற்கேற்ப வலுக்கிறது. பழைய மழைக்குக் கட்டிய கலங்கின் அகலம் இன்றைக்குப் போதுமா என்று பொறியாளரைக் கணக்கிடச் சொல்லுங்கள்.

கேள்வி: வேலை முடித்துப் பில் கொடுத்தால்தான் பணம் என்கிறார்கள். எங்களிடம் கையிருப்பு இல்லையே?

பதில்: தவணையாகக் கேளுங்கள்: அளவை முடிந்ததும் ஒன்று, வரத்துக்கால் திறந்ததும் ஒன்று, தூர்வாரியதும் மீதி. வெட்டிய அளவை டிப்பர் நடையை எண்ணிக் காட்டாதீர்கள், தணிக்கையில் நிற்காது. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த குளத்துத் தரையின் மட்ட அளவுகளே சான்று. 2021-இல் வெளியான, உள்ளூர் மக்கள் முன்னின்று நடத்தும் காலநிலைத் தகவமைப்புக்கான எட்டுக் கொள்கைகளும் இதைத்தான் கேட்கின்றன: முடிவு மக்களுக்கு அருகில் எடுக்கப்பட வேண்டும், நிதி நீண்ட காலத்துக்கு நம்பகமாக வர வேண்டும். கென்யாவின் இசியோலோவில் வட்டார நிதியை எந்த வேலைக்குச் செலவிடுவது என்பதை அடித்தள மக்கள் குழுக்களே தேர்ந்தெடுத்தன. பேச்சுவார்த்தையில் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: பராமரிப்புக்குத் தனியாகக் கேட்கலாமா?

பதில்: கண்டிப்பாக, குறைந்தது மூன்று ஆண்டுக்கு. வரத்துக்கால் குளத்தில் சேரும் வாயில் நீரோடு வரும் வண்டல் படிந்து தங்க ஒரு வண்டல் பொறிக் குழி வெட்டுங்கள். மழைக்காலத்துக்கு முன் அதைக் காலி செய்பவர் யார், கூலி எந்தக் கணக்கில் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.