இதுவும் அப்படியே பிறந்துவிடுமோ?

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. இடது பக்க உதடும் மேலண்ணமும் பிளந்து பிறந்தான். நாலாம் மாதத்தில் உதட்டுக்கும் ஒரு வயதில் அண்ணத்துக்கும் ஆபரேஷன் ஆனது. முகம் இப்போது நன்றாக இருக்கிறது, பேச்சுதான் மூக்கால் வருகிறது, எங்களைத் தவிர யாருக்கும் புரிவதில்லை. எனக்கு இப்போது மூன்று மாதம் முடிந்துவிட்டது. 2022 தீபாவளிக்கு மறுநாள் கிரகணத்தன்று நான் கத்தரிக்காய் நறுக்கியதால்தான் பையன் இப்படிப் பிறந்தான் என்று மாமியார் இன்றும் சொல்கிறார். அப்போது எனக்கு ஐந்து மாதம். இதுவும் அப்படியே பிறந்துவிடுமோ என்று தூக்கமே வருவதில்லை. ஸ்கேனில் தெரிந்தால் கலைக்கச் சொல்வார்களோ? இன்னொன்று வந்தால் மூத்தவனை யார் கவனிப்பது?
— பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

பதில்: முதலில் அந்தக் கத்தரிக்காய் விஷயத்தை முடித்துவிடுவோம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு உதடு கூடுவது நாலாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள், மேலண்ணம் கூடுவது ஆறிலிருந்து ஒன்பதாவது வாரத்துக்குள். இரண்டு பக்கத்திலிருந்தும் வளர்ந்து வரும் சதை நடுவில் வந்து ஒட்ட வேண்டும், ஒட்டாமல் நின்றுபோனால் பிளவு. கிரகணம் வந்தபோது உங்களுக்கு ஐந்து மாதம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு எத்தனையோ வாரம் முன்பே உங்கள் மகனின் உதடு இப்படித்தான் என்று ஆகிவிட்டது, நீங்கள் அன்றைக்குக் கத்தியைத் தொட்டிருந்தாலும் தொடாவிட்டாலும். உலகத்தில் ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது, கிரகணம் வந்த வருஷமும் வராத வருஷமும். பெரும்பாலும் இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் கை காட்ட முடியாது. மரபணுக்கள் கொஞ்சம், சுற்றுச்சூழல் கொஞ்சம் என்று பலதும் சேர்ந்து வருவது. கர்ப்பத்துக்கு முன்பே இருக்கும் சர்க்கரை நோய், புகை, சில வலிப்பு மாத்திரைகள், இவை வாய்ப்பைக் கூட்டும். காய் நறுக்குவது அந்தப் பட்டியலிலேயே இல்லை.

சரி, இரண்டாவதுக்கு வருமா? தாய்க்கும் தகப்பனுக்கும் பிளவு இல்லாமல், முதல் குழந்தைக்கு மட்டும் இருந்தால், அடுத்ததுக்கு வரும் வாய்ப்பு 100-க்கு 2 முதல் 5 வரை. மற்றவர்களை விட உங்களுக்குக் கூடுதல்தான், மறைக்கவில்லை. ஆனால் உங்களைப் போல நூறு தாய்மார்களை வரிசையில் நிறுத்தினால் 95 பேருக்காவது பிளவில்லாத குழந்தைதான் பிறக்கும். ஒரு விஷயம் மட்டும் இன்றைக்கே பாருங்கள். உங்களுக்கோ கணவருக்கோ பையனுக்கோ கீழுதட்டில் ஊசி குத்தியது போலச் சின்னக் குழிகள் இருக்கின்றனவா? இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அது வான் டெர் வூட் சிண்ட்ரோம் என்ற பரம்பரை வகையாக இருக்கலாம், அதில் கணக்கே வேறு, பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் சரிபாதி வாய்ப்பு. சொந்தத்தில் கல்யாணம் செய்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

இன்னொன்றும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் முடிந்துவிட்டது, எனவே இந்தக் குழந்தையின் உதடும் அண்ணமும் ஏற்கெனவே உருவாகிவிட்டன. இனி நீங்கள் எதைச் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது மாறப்போவதில்லை, ஆகவே ஆளாளுக்குச் சொல்லும் பத்தியங்களை இந்தக் காரணத்துக்காகப் பிடிக்காதீர்கள். டாக்டர் கொடுக்கும் மாத்திரைகளை மட்டும் விடாமல் போடுங்கள்.

ஐந்தாம் மாத அனாமலி ஸ்கேனில், 18 முதல் 20 வாரத்துக்குள், உதட்டைப் பார்க்க முடியும். மூத்தவனைப் பற்றி ஸ்கேன் எடுப்பவரிடம் முதலிலேயே சொன்னால் முகத்தைக் கூடுதல் நேரம் பார்ப்பார். உதடு கூடி அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் ஸ்கேனில் தவறிவிடுவது உண்டு. பிளவு தெரிந்து, வேறு உறுப்புகளெல்லாம் சரியாக இருக்கின்றன என்றால், அது ஆபரேஷனில் சரிசெய்யக்கூடிய குறை என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, உங்கள் வீட்டிலேயே ஓடி விளையாடிக்கொண்டிருக்கிறான். பாலாடையில் பால் புகட்டுவதிலிருந்து தூக்கிப் பிடித்து ஏப்பம் விட வைப்பது வரை எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. முடிவு உங்களுடையது, மாமியாருடையதோ இந்தப் பக்கத்துடையதோ இல்லை.

இப்போது மூத்தவன். உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது வயிற்றுப் பிள்ளை இல்லை, இவன் பேச்சுதான். அவனைப் "பாப்பா", "தாத்தா" என்று சொல்லச் சொல்லி, மூக்குக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடியுங்கள். கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று மூக்கு வழியாகக் கசிகிறது என்று அர்த்தம். "அம்மா" சொல்லிச் சோதிக்காதீர்கள், அது எல்லோருக்கும் மூக்கில்தான் வரும். ஆவி படிந்தால் பயிற்சி போதுமா, இன்னொரு ஆபரேஷன் வேண்டுமா என்பதை ஸ்பீச் தெரபிஸ்ட்டும் சர்ஜனும் சேர்ந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அப்புறம் காது. அண்ணம் பிளந்த பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டுவது சகஜம், கேட்காத பிள்ளைக்குப் பேச்சு எப்படித் தெளியும்? கேட்புப் பரிசோதனையை இந்த மாதமே செய்துவிடுங்கள். அங்கன்வாடிக்குப் போகிறான் என்றால் அங்கே வரும் மருத்துவக் குழுவே மாவட்ட டி.இ.ஐ.சி. மையத்துக்கு (குழந்தைகளின் குறைகளைச் சீக்கிரமே கண்டு சிகிச்சை தரும் அரசு மையம்) எழுதிக் கொடுக்கும். அந்தக் குழு வருவது 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தை நலத் திட்டத்தில், அதில் 18 வயது வரை பிளவுப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை இலவசம். ஆபரேஷன் வேண்டியிருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்றும் கேளுங்கள்.

பிரசவத்துக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அதற்குள் பயிற்சியை ஆரம்பித்து, கணவரையும் கூட்டிப்போய்ப் பழக்கிவிடுங்கள், குழந்தை பிறந்ததும் கொஞ்ச காலம் அவர்தான் கூட்டிப்போக வேண்டியிருக்கும். வீட்டுப் பயிற்சியை மாமியாரிடம் கொடுங்கள். தினமும் கால் மணி நேரம் பேரனோடு உட்கார்ந்து "பட்டம்", "தட்டு", "காக்கா" என்று சொல்லவைக்கட்டும். கிரகணத்தைப் பற்றிப் பேச நேரம் இருக்கிறதென்றால் இதற்கும் இருக்கும்.

கேள்வி: என் மனைவி வலிப்புக்கு வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிடுகிறாள். முதல் பெண்ணுக்கு உதட்டுப் பிளவு இருந்தது. அடுத்த குழந்தைக்கு முயற்சி செய்கிறோம், மாத்திரையை நிறுத்திவிடலாமா?
— வாசகர், கரூர்

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது, திடீரென்று விட்டால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதே சமயம் அந்த மாத்திரை பிளவுக்கும் முதுகுத்தண்டுக் குறைக்கும் வாய்ப்பைக் கூட்டுவது என்பதும் உண்மை. அதனால் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே, இப்போதே, நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா, ஃபோலிக் ஆசிட் எவ்வளவு வேண்டும் என்பதை அவர் சொல்வார். மாற்றினால் வலிப்பு கட்டுக்குள் வரக் கொஞ்சம் காலம் ஆகும், அதுவரை குழந்தைக்கான முயற்சியைத் தள்ளிப்போடுங்கள். போகும்போது மாத்திரைச் சீட்டோடு மூத்த பெண்ணின் ஃபைலையும் எடுத்துப்போங்கள்.