பெரிய கொயரை வைத்துப் பழைய பாட்டுகளை ஒலிப்பதிவு செய்வது எப்படி?

அறுபது பேர் கொண்ட கொயர் (ஆலயப் பாடகர் குழு), மேல்நாட்டு மெட்டில் பாடும் பழைய ஞானப்பாட்டுகளையும், நம் இராகங்களில் அமைந்த கீர்த்தனைகளையும் பதிவு செய்யப் போகிறோம், ஸ்டூடியோவுக்குப் போவதா, ஆலயத்திலேயே செய்வதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆலயத்திலேயே செய்யுங்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் கொயர் இரண்டையும் செய்து பார்த்தது. முதல் தடவை ஒரு ஸ்டூடியோவில் ஐந்தைந்து பேராக உள்ளே கூப்பிட்டு, காதில் தாளத் தட்டலை ஓடவிட்டுப் பாடவைத்து, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். சுருதி எங்கும் பிசகவில்லை. வீட்டில் போட்டபோது அம்மம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு பிள்ளை, ஆனா கூடப் பாட வரேல்லை" என்றார். அன்றிலிருந்து எனக்கு அதுதான் அளவுகோல். செத்தவீட்டிலும் இரவு ஜெபத்திலும் ஆட்கள் கூடச் சேர்ந்து பாட முடியாத பதிவை வைத்து என்ன செய்வது? பக்கத்தில் நிற்பவர் மூச்செடுப்பது காதில் விழுந்தால்தான் அறுபது பேரும் ஒரே இடத்தில் மூச்செடுப்பார்கள்.

இரண்டாவது தடவை ஆலயத்தில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு பாடினோம். மின்விசிறியை நிறுத்த வேண்டும், அதனால் பகலில் பாடினால் வெக்கையில் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். பக்கத்துக் கோயிலில் திருவிழா எப்போது என்றும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். எங்களுடையது முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய தடித்த சுவர். சனம் இல்லாத நேரத்தில் இன்னும் முழங்கும். வாங்குகள் (பெஞ்சுகள்) மீது பாயும் போர்வையும் விரித்தோம், சரியாக வந்தது. ஆளுக்கொரு மைக் தேவையில்லை. அரைவட்டமாக நின்று, தலைக்கு மேலே உயரமான தாங்கியில் இரண்டு மைக்கைச் சோடியாக வைத்தாலே பெரிய கொயருக்கு அழகாக இருக்கும்.

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம். சுரத்தைவிடச் சொல்லில் கூடுதல் நேரம் செலவழியுங்கள். 'என்னோடிரும் மா நேச கர்த்தரே' பாட்டை எடுத்துக்கொள்வோம். ஹென்றி பிரான்சிஸ் லைட் 1847இல் ஆங்கிலத்தில் எழுதியது, வில்லியம் ஹென்றி மங்க் 1861இல் மெட்டுப் போட்டது. அடிக்குப் பத்து சுரம், தமிழும் பத்து ஒலியாகவே அதில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் மெட்டுக்கு நெடில் குறில் தெரியாது. 'நே'க்கும் 'ச'வுக்கும் ஒரே அளவுதான், ஆளுக்கு ஒரு தட்டு. கவனிக்காமல் பாடினால் 'நேச' என்பது 'நேசா' ஆகிவிடும், 'கர்த்தரே' 'கர்த்தாரே' ஆகிவிடும். தனி ஆள் பாடினால் காதில் படாது, அறுபது பேர் பாடும்போது அப்பட்டமாகக் கேட்கும். அதே அடியில் 'ரும்' இரண்டு தட்டு நிற்கிறது. சிலர் முதல் தட்டிலேயே வாயை மூடிவிட, ஆலயம் முழுக்க 'ம்ம்ம்' என்ற ரீங்காரம்தான் மிஞ்சியது. உகரத்தில் நின்று கடைசியில் எல்லோரும் சேர்ந்து வாயை மூட வேண்டும் என்று பென்சிலால் குறித்துக்கொண்டோம். இந்த ஓர் அடிக்கே ஓர் ஒத்திகை முழுதாகப் போனது, அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

ஓர்கன் இல்லாமல் பாடினால் நாலாவது சரணத்துக்குள் சுருதி மெல்ல இறங்கும். அப்படி இறங்கிய பதிவிலிருந்து ஒரு சரணத்தை வெட்டி இன்னொன்றில் ஒட்ட முடியாது. ஒவ்வொரு தடவையும் முடிந்தவுடன் சுருதியைச் சரிபாருங்கள்.

கீர்த்தனைகளை நாலு குரலுக்குப் பிரிக்காதீர்கள் என்பது என் கருத்து. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் அவற்றை இராகத்தில் செய்தார்கள். ரெனர், பேஸ் என்ற ஆண் குரல் வரிசைகளைச் சேர்த்தால் இராகம் நெரிந்துபோகும். ஒருவர் பல்லவியை எடுத்துக் கொடுக்க, எல்லோரும் ஒரே குரலில் திருப்பிப் பாடட்டும். ஹார்மோனியமும் மிருதங்கமும் போதும்.

ஒத்திகை தொடங்குவதற்கு முன்பே உங்கள் ஆலயத்து மூத்தவர்களிடம் போய் இருங்கள். 1816இல் அமெரிக்க மிசன் யாழ்ப்பாணம் வந்த காலம் தொட்டு இங்கே பாடிப் பாடி ஒவ்வோர் ஆலயத்துக்கும் தனி நடை வந்திருக்கிறது. எங்கள் ஆலயத்து மூத்த ஐயா ஒருவர், போரினால் யாழ்ப்பாணச் சனம் வெளியேறிய 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் பாட்டுப் புத்தகத்தை வீட்டோடு விட்டுவிட்டுப் போனவர். குடாநாட்டின் தென்மராட்சிப் பகுதியில் இருந்த மாதங்களில் எல்லாவற்றையும் மனதிலிருந்தே பாடினாராம். அவர் ஒரு பாட்டின் மூன்றாம் அடியில் மேலே ஏறாமல் கீழே திரும்புவார், புத்தகத்தில் அப்படி இல்லை. எங்கள் நடத்துநர் திருத்தப் பார்த்தார். மற்ற மூத்தவர்களும் அதையே பாட, அப்படியே வைத்துக்கொண்டோம். இப்போது சின்னப் பிள்ளைகள் போனில் வரும் பாட்டைக் கேட்டுத்தான் பழகுகிறார்கள், அதில் இந்தத் திருப்பம் கிடையாது.

பென்சில் குறிகளோடு எங்கள் பிரதி இருக்கிறது. வேண்டுமென்றால் கீழே சொல்லுங்கள், படம் எடுத்துப் போடுகிறேன்.