ரத்தத்தில் கால்சியம் இயல்பு. எலும்பில் ஏன் குறைவு?

கேள்வி: எனக்கு வயது 61. எலும்பு அடர்த்திச் சோதனையில் எலும்புப்புரை இருப்பதாகத் தெரியவந்துள்ளது. ஆனால் ரத்தத்தில் கால்சியம் 100 மில்லிலிட்டருக்கு 9.4 மில்லிகிராம், அது இயல்பான அளவு என்கிறார்கள். எலும்பில் குறைந்த சத்து ரத்தத்தில் குறையாதது எப்படி?

பதில்: இந்த இரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. வயதுவந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கால்சியம் இருக்கிறது. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் தங்கியிருக்க, ரத்தத்தில் ஓடுவது ஒரு கிராமுக்கும் குறைவு. ஆயினும் இதயம் சீராகத் துடிப்பதும், தசை சுருங்குவதும், நரம்பு செய்தி கடத்துவதும், ரத்தம் உறைவதும் அந்தச் சிறு அளவு மாறாமல் இருப்பதையே நம்பியிருக்கின்றன. ஆகவே எலும்பு மெலிந்தாலும் ரத்தத்தின் அளவை 8.5 முதல் 10.5 மில்லிகிராமுக்குள் நிறுத்தவே உடல் முயல்கிறது.

இதில் முதன்மையான பங்கு, கழுத்தில் தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளுக்கு உரியது. பெரும்பாலோருக்கு இவை நான்கு. ஒவ்வொன்றின் எடையும் 30 முதல் 50 மில்லிகிராம்தான். இவற்றின் செல்களின் மேற்பரப்பில் கால்சியத்தை உணரும் புரதம் ஒன்று உண்டு (அதன் மரபணு 1993-இல் அடையாளம் காணப்பட்டது). ரத்தத்தில் கால்சியம் சற்றே இறங்கினாலும் சில நொடிகளிலேயே பாராதைராய்டு ஹார்மோன் வெளியேறத் தொடங்குகிறது. அது எலும்பிலிருந்து கால்சியத்தை விடுவிக்கிறது. சிறுநீரில் போகவிருந்ததைச் சிறுநீரகம் மீட்டுக்கொள்ளச் செய்கிறது. வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவமான கால்சிட்ரியாலாக மாற்றும்படி அதே சிறுநீரகத்தைத் தூண்டுகிறது. கால்சிட்ரியால் இருந்தால்தான் குடல் உணவிலுள்ள கால்சியத்தைத் திறம்பட உறிஞ்ச முடியும். வைட்டமின் டி நெடுநாள் குறைவாக இருப்பவருக்கு ரத்தக் கால்சியம் இயல்பாகவே தெரியும்; ஆனால் பாராதைராய்டு ஹார்மோன் உயர்ந்திருக்கும். எலும்பு அதற்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

எலும்புப்புரைக்கு இது ஒன்றே காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால், எலும்பைக் கட்டும் வேகத்தைவிடக் கரைக்கும் வேகம் மிஞ்சிவிடுகிறது. அப்போதும் ரத்தக் கால்சியம் மாறுவதில்லை. அந்த எண் எலும்பின் இருப்பைக் காட்டும் கணக்கு அன்று என்பதை மட்டும் உறுதியாக நினைவில் வையுங்கள். வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றின் அளவுகளையும் பார்க்க வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எலும்பு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பால் ஆனது என்று படித்தேன். எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும்போது பாஸ்பேட்டும் சேர்ந்து வருமே, அது என்ன ஆகிறது?

பதில்: மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். எலும்பு கரையும்போது இரண்டுமே ரத்தத்துக்கு வருகின்றன. பாஸ்பேட் அங்கேயே தேங்கினால், வந்த கால்சியத்தோடு மீண்டும் இணைந்து அதைச் செயலற்றதாக்கிவிடும்; மிகுந்துபோனால் ரத்தக்குழாய்ச் சுவர் போன்ற மென்திசுக்களில் படியவும் கூடும். அதனால்தான் கால்சியத்தைத் தக்கவைக்கச் சொல்லும் அதே பாராதைராய்டு ஹார்மோன், பாஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியேற்றும்படியும் சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுகிறது. ஒரே ஹார்மோன் ஒரே உறுப்பில் இரண்டு உப்புகளை எதிரெதிர்த் திசைகளில் நடத்துவதை, இந்த ஏற்பாட்டிலேயே மிக நுட்பமான பகுதியாக நான் கருதுகிறேன்.

பாஸ்பேட்டுக்கென்று இன்னொரு காவலும் உண்டு. எலும்புக்குள் புதைந்திருக்கும் செல்கள் எஃப்.ஜி.எஃப். 23 என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. அது பாஸ்பேட்டை வெளியேற்றச் செய்வதோடு, கால்சிட்ரியால் உற்பத்தியையும் குறைத்து, குடல் வழியே பாஸ்பேட் வருவதையும் மட்டுப்படுத்துகிறது. வெறும் தாங்குசட்டகம் என்று நெடுங்காலம் எண்ணப்பட்ட எலும்பு, சிறுநீரகத்துக்கே ஆணையிடும் சுரப்பியுமாக இருக்கிறது.

சிறுநீரகம் நாள்பட்டுச் செயலிழக்கும்போது இந்த ஏற்பாடு முழுவதும் குலைகிறது. முதலில் எஃப்.ஜி.எஃப். 23 உயர்ந்து, எஞ்சிய சிறுநீரகத் திறனைக் கொண்டே பாஸ்பேட்டைச் சமாளிக்கிறது. அதன் விளைவாகவும், சிறுநீரகத் திசு குறைவதாலும் கால்சிட்ரியால் சரிகிறது. பாராதைராய்டு ஹார்மோன் ஏறுகிறது. ரத்தத்தில் பாஸ்பேட் உயர்வது பெரும்பாலும் நோய் முற்றிய பிறகே தெரியும். ஆகவே பாஸ்பேட் இயல்பு என்ற ஒரே காரணத்தால் சிறுநீரக நோயாளிகள் அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

கேள்வி: எனக்குத் தைராய்டை முழுவதும் அகற்றிவிட்டார்கள். கால்சியத்தைக் குறைக்கும் கால்சிட்டோனின் அங்கேதானே சுரக்கிறது? இனி கால்சியம் ஏறிவிடுமா?

பதில்: ஏறாது. மனிதரில் கால்சிட்டோனினின் பங்கு மிகச் சிறியது. அது இல்லாமலேயே அளவு சீராக இருக்கும். கவனிக்க வேண்டியது இதற்கு நேர்மாறானது. அறுவையின்போது பாராதைராய்டு சுரப்பிகளோ அவற்றுக்குச் செல்லும் ரத்த ஓட்டமோ பாதிக்கப்பட்டால் கால்சியம் இறங்கும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரமரப்போ, கை கால்களில் தசைப்பிடிப்போ தோன்றினால் காத்திராமல் மருத்துவரை அணுகுங்கள்.