மகளை மைக்ரோபயாலஜி லேபுக்கு அனுப்பப் பயப்படும் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. நீட்டில் மதிப்பெண் குறைந்துவிட்டது, மகள் பி.எஸ்சி. எம்.எல்.டி. (மருத்துவ லேப் டெக்னீஷியன் படிப்பு) படிக்கிறேன் என்கிறாள், நாள் முழுக்க டி.பி. சளியும் ரத்தமுமாக இருந்தால் அவளுக்கே ஒட்டிக்கொள்ளாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். டி.பி. காற்றில் பரவும் என்பதால் கல்ச்சர் வேலையை, அதாவது சளியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பதைத், திறந்த மேசையில் செய்யவே கூடாது. காற்றை வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டிக்குள், என்-95 மாஸ்க்கோடு செய்ய வேண்டும். ரத்தம் வழியாகத் தொற்றும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்கு 3 தவணை தடுப்பூசி இருக்கிறது, சேர்ந்த உடனே போட்டுவிடுங்கள். நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி தவறுதலாகக் கையில் குத்திவிட்டால், திட்டுவார்களோ என்று மறைக்கக் கூடாது, ஏனென்றால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒழுங்காக நடக்கும் லேபில் அது கட்டுக்குள் இருக்கும்.

சரி, "மெஷினில் போட்டு பட்டன் அழுத்துகிற வேலைதானே" என்று உங்கள் வீட்டில் சொல்கிறார்களாம். அதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். டெங்குவையே எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலின் முதல் சில நாட்களில்தான் வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 டெஸ்ட் நன்றாகக் காட்டும், சுமார் 5 நாள் தாண்டினால் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். எலைசா டெஸ்ட் பார்க்க வேண்டும். எட்டாம் நாள் வந்தவருக்கு என்.எஸ்.1 மட்டும் செய்து நெகட்டிவ் என்று கொடுத்தால், மெஷின் மேல் தப்பில்லை, ஆனால் அந்த நோயாளி டெங்கு இல்லை என்று நம்பி வீட்டுக்குப் போய்விடுவார். படிவத்தில் காய்ச்சல் தொடங்கிய தேதியைத் தேடிப் பார்க்கிற டெக்னீஷியன்தான் அவரைக் காப்பாற்றுகிறார். டி.பி.யிலும் இப்படித்தான்: ஜீன்எக்ஸ்பர்ட் என்ற மெஷின் சுமார் 2 மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, டி.பி.க்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று சொல்லிவிடும், ஆனால் டப்பாவில் சளிக்குப் பதில் எச்சில் இருந்தால் எவ்வளவு நல்ல மெஷினும் கோட்டை விட்டுவிடும். 1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரிய வந்ததுகூட, சென்னை மருத்துவக் கல்லூரியின் மைக்ரோபயாலஜி பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எடுத்த முயற்சியால்தான். நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். கலைக் கல்லூரியில் படிக்கும் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி வேறு, எம்.எல்.டி. வேறு. முதலாவது மருந்து, உணவு கம்பெனிகளுக்கும் ஆராய்ச்சிக்கும் உதவும், ஆஸ்பத்திரி லேப் வேலைக்குப் பெரும்பாலும் எம்.எல்.டி.தான் கேட்பார்கள். அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. (தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) அறிவிப்பு வரும்போது அதில் என்ன தகுதி கேட்கிறார்கள் என்று வரி வரியாகப் படியுங்கள். மேலே படிக்க ஆசைப்பட்டால் எம்.எஸ்சி. மெடிக்கல் மைக்ரோபயாலஜி இருக்கிறது.

கல்லூரியை ஃபீஸ் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா, ஒரு நாளைக்கு எத்தனை கல்ச்சர் வருகிறது, மாணவர்களே ஸ்லைடு போட்டுப் பார்க்கிறார்களா அல்லது வேடிக்கைதான் பார்க்கிறார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அட்மிஷன் கவுன்டரில் இருப்பவரிடம் கேட்டால் போதாது, இன்டர்ன்ஷிப்பில் இருக்கும் பிள்ளைகளிடம் தனியாகப் பேசுங்கள். லேபைக் காட்ட மாட்டோம் என்றால் அங்கே பணம் கட்டாதீர்கள்.