சீனப் பெற்றோரின் கண்டிப்பு

கேள்வி: சீனாவில் பிள்ளைகளைப் படிப்பில் அப்படி நெருக்குகிறார்களே, பாசமே இல்லையா? தமிழ் மீடியத்தில் படிக்கும் என் மகனுக்கு அந்த முறை சரிவருமா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: பாசம் நிறையவே உண்டு; வாய்விட்டுக் கொஞ்சுவதுதான் குறைவு. பழத்தை நறுக்கிப் படிக்கிற மேசையில் கொண்டுவந்து வைப்பார்கள், அதிலேயே எல்லாம் அடக்கம். பெற்றோருக்குக் கடமைப்படுவது பழங்காலச் சீன ஞானி கன்பூசியஸ் வழியில் தலையாய அறம். 1905 வரை அரசுப் பதவிக்குத் தேர்வுதான் முக்கிய வாசல். இன்று ஜூன் 7-இல் தொடங்கும் காவோகாவ் என்னும் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு. போதாக்குறைக்கு 1980 முதல் 2015 வரை ஒரு குழந்தைக் கொள்கை. நகரங்களில் பெற்றோர், இருவழித் தாத்தா பாட்டி என ஆறு பேரின் ஆசையும் ஒரே பிள்ளைமேல் இறங்கியது.

தினம் அரைமணி மகன் பக்கத்தில் உட்காருங்கள். விடை சொல்லாமல், தப்பான கணக்கை மட்டும் மறுபடி போடச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். திட்டுக்குப் பயந்து மார்க்கை மறைக்கத் தொடங்கிவிடுவான்.