மண்ணுக்குள் இருப்பது யாருடையது?

கேள்வி: அல்பேர்ட்டா எண்ணெய் அந்த மாகாணத்துக்கே சொந்தம் என்கிறார் கனடாவிலுள்ள என் மைத்துனர். உண்மையா? எங்கள் மாகாண சபைகளுக்கும் அப்படி உண்டா?
(வாசகர், வெள்ளவத்தை, கொழும்பு 6)

பதில்: பெரும்பாலும் உண்மை. 1867 அரசியலமைப்பின் 109ஆம் பிரிவு காணியையும் கனிமத்தையும் மாகாணங்களிடமே விட்டது. ஆனால் 1905இல் உருவான அல்பேர்ட்டாவுக்கு அந்த உரிமை 1930இல்தான் கைக்கு வந்தது. 1982இல் சேர்க்கப்பட்ட 92ஏ பிரிவு, வளத்தை அகழவும் முகாமை செய்யவும் வரி விதிக்கவும் மாகாணத்துக்குள்ள அதிகாரத்தை உறுதிப்படுத்தியது. எண்ணெய் எல்லை தாண்டும்போதுதான் இழுபறி. மாகாணங்களை ஊடறுக்கும் குழாய்வழியும் ஏற்றுமதியும் ஒட்டாவாவின், அதாவது மத்திய அரசின், கையில். கிணறு இருந்தும் வழி இல்லாவிட்டால் என்ன செய்வது? கடலடி எண்ணெயும் மத்திக்கே என்று 1984இல் நியூஃபவுண்லாந்து மாகாண விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இங்கே நடப்பது ஒற்றையாட்சி. 13ஆவது திருத்தத்தின்படி எண்ணெயும் கனிம வளமும் ஒதுக்கிய நிரலில், அதாவது கொழும்பிடம். கனிம உரிமை மீதான வரி மாகாண நிரலில் இருக்கிறது. அதுவும் பாராளுமன்றம் வகுக்கும் எல்லைக்குள் மட்டும். ஆற்று மணல் அள்ளும் அனுமதிப்பத்திரத்தைக்கூட 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி மத்திய சுரங்கப் பணியகமே வழங்குகிறது. மணல் லொறி உடைக்கும் ஊர் றோட்டைத் திருத்தும் பொறுப்போ பிரதேச சபையின் தலையில். இது அநியாயம்.