ஃபெர்மா சொல்லிட்டா போதுமா?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். 4294967297 ஒரு பகா எண்ணுன்னு எங்க கோச்சிங் மெட்டீரியல்ல போட்டிருக்கு, ஃப்ரெண்டு இல்லவே இல்லைங்கறான். அந்தக் காலத்து பிரெஞ்சு கணித மேதை ஃபெர்மாவே சொன்னது, முதல் அஞ்சு நம்பருக்கும் கரெக்டா வருது, ஆறாவதை மட்டும் ஏன் சார் சந்தேகப்படணும்?
– ஒரு மாணவர், திண்டுக்கல்

பதில்: உங்க ஃப்ரெண்டு சொல்றதுதான் சரி தம்பி. 641ஐ 6700417ஆல பெருக்கிப் பாருங்க, அதே நம்பர் வந்து நிக்கும்.

3, 5, 17, 257, 65537, இந்த அஞ்சும் பகா எண்தான், அதுல பேச்சே இல்ல. ரெண்டோட அடுக்கு 1, 2, 4, 8, 16ன்னு ரெட்டிப்பாகிட்டே போகும், கூட ஒண்ணு சேத்துக்கணும், அடுத்து வர்ற 2^32 + 1தான் உங்க நம்பர். இப்படி வர்றது எல்லாமே பகா எண்ணுன்னு ஃபெர்மா 1640ல லெட்டர்ல எழுதினது நிஜம், ஆனா முழு நிரூபணம் இன்னும் தன் கைல இல்லைன்னும் சேத்தேதான் எழுதினார், அந்தப் பாதியை முழுங்கிட்டு பெரிய மனுஷன் பேரை மட்டும் போட்டு உங்க தலையில கட்டியிருக்காங்களே, எனக்கு கோவம் அதுலதான். 1732ல ஆய்லர்ங்கற கணித மேதை 641ஐ எடுத்துக் காட்டினதோட விஷயம் முடிஞ்சுபோச்சு.

641 எப்படி வகுக்குதுன்னு பாக்க கால்குலேட்டர்கூட வேணாம். 641ங்கறது 5 × 128 + 1, அதாவது 5 × 2^7 + 1. அதே 641, 625 + 16 கூட, அதாவது 5^4 + 2^4. முதல்ல சொன்ன 5 × 2^7 + 1ல இருந்து, 5 × 2^7ஐ 641ஆல வகுத்தா மீதி −1ன்னு வெச்சுக்கலாம், அதை நாலாம் அடுக்குக்கு ஏத்துங்க, 5^4 × 2^28க்கு மீதி 1. ரெண்டாவதா சொன்ன 5^4 + 2^4ஐ வெச்சு, 5^4 இருக்கிற இடத்துல −2^4 போடலாம், போட்டா −2^32க்கு மீதி 1. அப்போ 2^32 + 1 மிச்சமில்லாம வகுபட்டே ஆகணும். எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு சலிக்காத கணக்கு இது.

641ஐ தேடிப் பிடிக்கிறதும் அவ்ளோ கஷ்டமில்ல. இந்த நம்பரோட பகா காரணி எதுவா இருந்தாலும் 64ஓட மடங்கைவிட ஒண்ணு கூடத்தான் இருக்க முடியும்னு ஆய்லர் பிற்பாடு நிரூபிச்சார். அப்போ பாக்க வேண்டியது 193, 257, 449, 577, அடுத்ததே 641.

அஞ்சு தடவை சரியா வந்துச்சேங்கறீங்க. ஆறாவதுல ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும் முடிவு தெரிஞ்ச ஒவ்வொண்ணும் பகு எண்தான், ஒண்ணுகூட பகா எண்ணா தேறல. இதே வரிசையில வர்ற 2^1048576 + 1க்கு ஒரு காரணிகூட யாருக்கும் தெரியாது, ஆனாலும் அது பகு எண்ணுன்னு நிரூபிச்சிட்டாங்க.

மெட்டீரியல்ல அந்த வரியை அடிச்சிட்டு பக்கத்துல 641 × 6700417ன்னு எழுதுங்க, நாளைக்கே சார்கிட்டயும் காட்டுங்க, அதே புக்கை வெச்சு உங்க கிளாஸ்ல மத்தவங்களும் படிக்கிறாங்கல்ல.